நிரலுக்கும் உண்டு தாய்ப்பத்திரம்

லினக்ஸ் கர்னலின் மூலநிரலைப் பார்க்க எதையும் டவுன்லோடு செய்யத் தேவையில்லை. அதற்கென்றே கர்னல் திட்டத்தார் ஒரு தளம் நடத்துகிறார்கள். பிரௌசரில் திறந்தால் போதும். கண்ணுக்கு அழகாக ஒன்றும் இருக்காது. ஓர் அட்டவணை, அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு மாற்றம்: என்ன செய்யப்பட்டது, செய்தவர் யார், எப்போது. அப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தால், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களைத் தாண்டி 2005 ஏப்ரல் 16 அன்று பதிவான ஒன்றில் வந்து நிற்போம். லினஸ் டோர்வால்ட்ஸ் அன்று எழுதிய குறிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது. பழைய வரலாறு முழுவதும் கையில் இருந்தாலும் அதை இங்கே கொண்டுவரவில்லை, கொண்டுவந்தால் 3.2 ஜிபி ஆகிவிடும், புதுக் கருவியின் ஆரம்ப நாட்களில் அந்தச் சுமை வேண்டாம் என்பது அதன் சாரம்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் குறிப்பை நமக்குக் காட்டும் வலைப்பக்கம் எந்த டிஸ்கிலும் பக்கமாகச் சேமித்து வைக்கப்பட்டதல்ல. நாம் கிளிக் செய்த பிறகு, சர்வரில் ஒரு சிறிய நிரல் விழித்தெழுந்து, நிரலும் அதன் வரலாறும் சேர்ந்திருக்கும் களஞ்சியத்துக்குள் கைவிட்டு, கிடைத்ததை எச்டிஎம்எல்லாகக் கோத்து அனுப்பியது. இத்தகைய காட்சி நிரலைச் சொந்த சர்வரில் நிறுவுவது ஒரு மாலை நேர வேலை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நிறுவினால், இரண்டு விதமாக மாட்டிக்கொள்வோம்: காட்டக் கூடாததைக் காட்டிவிடுவோம், அல்லது காட்டிக் காட்டியே சர்வர் களைத்து விழும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1990களின் தொடக்கத்தில் திறந்த மூலநிரல் என்றால் வெளியீட்டு நாளன்று கிடைக்கும் ஒரு மூட்டை மட்டும்தான். உள்ளே யார் எப்போது எந்த வரியை ஏன் மாற்றினார் என்பது திட்டத்தின் உள்வட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். 1995இல் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டி திட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. சிவிஎஸ் என்ற அன்றைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில், பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமலே எவரும் வரலாற்றைப் படிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள் சக் கிரேனரும் தியோ டி ராட்டும். அதே காலத்தில் ஃப்ரீபிஎஸ்டி பக்கத்தில் பில் ஃபென்னர் எழுதிய சிவிஎஸ்வெப் என்ற பெர்ல் நிரல், அந்த வரலாற்றைப் பிரௌசருக்குள் கொண்டுவந்தது. இன்று கிட்ஹப்பில் நாம் சகஜமாகப் புரட்டும் பக்கங்களின் வேர் இங்கே இருக்கிறது.

லினக்ஸ் திட்டம் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியார் கருவியில் இயங்கிவந்தது. அதன் உள்நெறிமுறையை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தாமாக ஆராயத் தொடங்கினார். தகராறு முற்றி, 2005 ஏப்ரலில் பிட்கீப்பர் நிறுவனம் இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றது. டோர்வால்ட்ஸ் ஒரு மாற்றுக் கருவியைத் தாமே எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று கிட் என்ற அந்தக் கருவி தன்னைத் தானே பதிவுசெய்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டிலேயே கே சீவர்ஸ் என்ற நிரலாளர் அதற்கு ஒரு வலை முகப்பு எழுதினார். பெயர் கிட்வெப். 2006 முதல் அது கிட்டோடு சேர்ந்தே வருகிறது. பல ஆயிரம் வரிகள் கொண்ட ஒரே பெர்ல் ஃபைல். தரவுத்தளம் கிடையாது, பயனர் கணக்கு கிடையாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத் திட்டத்தார் இன்றும் தங்கள் நிரலை இதன் வழியாகத்தான் காட்டுகிறார்கள்.

தரவுத்தளமே இல்லாமல் இத்தனை பெரிய வரலாற்றை எப்படிக் காட்ட முடிகிறது? கிட் களஞ்சியமே ஒரு தரவுத்தளம் என்பதுதான் விடை. அதில் நான்கே வகைப் பொருள்கள் உண்டு. ஒரு கோப்பின் உள்ளடக்கம் ஒரு வகை; அதற்குப் பிளாப் என்று பெயர். எந்தப் பெயரில் எந்தப் பிளாப் என்று சொல்லும் அடைவுப் பட்டியல் இன்னொன்று, அது ட்ரீ. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் முழு ட்ரீயும் எப்படி இருந்தது, யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்று சொல்வது கமிட். நான்காவதான டேக் வெளியீடுகளுக்கு ஒட்டும் முத்திரை. கிட்டின் உள்ளே அவ்வளவுதான். மற்றதெல்லாம் இவற்றின் மேல் கட்டிய வசதிகள்.

இவை ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பெயரை யாரும் யோசித்து வைப்பதில்லை. பொருளின் உள்ளடக்கத்தை எஸ்எச்ஏ-1 என்ற சூத்திரத்தில் போட்டால் 160 பிட் நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். பதினாறு அடிமான முறையில் எழுதினால் 40 இலக்கங்கள். அதுவே பெயர். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் பெயர் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஒவ்வொரு கமிட்டும் தனக்கு முந்தைய கமிட்டின் பெயரைத் தன்னுள் எழுதிவைத்துக்கொள்கிறது. நிலப் பத்திரம் எழுதும்போது இந்தச் சொத்து இன்ன ஆண்டு இன்ன எண் கொண்ட பத்திரத்தின் வழியே வந்தது என்று தாய்ப்பத்திரத்தைக் குறிப்பிடுவார்களே, அந்த மாதிரி. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கே தாய்ப்பத்திரத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினால் அதன் எண்ணே மாறிவிடும். அந்த எண்ணைச் சொல்லும் அடுத்த பத்திரத்தின் எண்ணும் மாறும். அப்படியே இன்றைய பத்திரம்வரை எல்லாம் மாறும். போலிப் பத்திரம் தயாரிப்பவருக்கு இதைவிடத் தொல்லையான ஏற்பாடு வேறில்லை.

2011 ஆகஸ்டில் இது நடைமுறையில் சோதிக்கப்பட்டது. கர்னல் திட்டத்தின் சர்வர்களுக்குள் யாரோ நுழைந்து நிர்வாகியின் அதிகாரத்தையே கைப்பற்றியிருந்தது தெரியவந்தது. தளம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் நம்பியிருக்கும் நிரலில் கைவைத்துவிட்டார்களா என்ற பயத்துக்கு ஓரளவு ஆறுதல் அளித்தது இந்தப் பெயரிடும் முறைதான். ஆயிரக்கணக்கான நிரலாளர்களின் கணினிகளில் அதே களஞ்சியத்தின் முழு நகல்கள் இருந்தன. சர்வரில் பழைய வரலாற்றின் ஒரு வரியைத் தொட்டிருந்தாலும் 40 இலக்கப் பெயர்கள் ஒத்துப்போயிருக்காது. பின்னர் 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, வெவ்வேறு உள்ளடக்கம் கொண்ட இரண்டு கோப்புகளுக்கு ஒரே எஸ்எச்ஏ-1 பெயர் வரும்படி செய்து காட்டின. அதன் பிறகு இத்தகைய மோசடிக் கோப்புகளைக் கண்டுபிடிக்கும் திருத்தம் கிட்டில் சேர்ந்தது; வலுவான எஸ்எச்ஏ-256க்கு மாறும் வேலை மெதுவாக நடந்துவருகிறது.

இனி வலைப்பக்கத்துக்கு வருவோம். ஒரு கமிட்டைத் திறந்தால் நீக்கிய வரிகள் சிவப்பிலும் சேர்த்த வரிகள் பச்சையிலும் தெரியும். அந்தச் சிவப்பும் பச்சையும் கிட்டுக்குள் சேமிக்கப்பட்டிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. கிட் வைத்திருப்பது முந்தைய நிலையின் முழுப் படமும் பிந்தைய நிலையின் முழுப் படமும் மட்டுமே. (இடத்தைச் சிக்கனப்படுத்த, ஒத்த கோப்புகளை ஒன்றுக்கொன்று சார்புடையதாகச் சுருக்கிக் கட்டிவைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. ஆனால் அந்தச் சுருக்கத்துக்கும் வரலாற்று வரிசைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.) வித்தியாசம் நாம் கேட்கும் அந்த நொடியில் கணக்கிடப்படுகிறது.

அந்தக் கணக்கு சாதாரணமானதல்ல. 'அ' என்ற கோப்பை 'ஆ' என்ற கோப்பாக மாற்ற, மிகக் குறைவாக எத்தனை வரிகளை நீக்கி எத்தனை வரிகளைச் சேர்க்க வேண்டும்? 1970களில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய டிஃப் நிரல் இதற்கு முதல் நல்ல விடை. 1986இல் யூஜின் மயர்ஸ் வெளியிட்ட முறை இன்னும் நேர்த்தியானது. கோப்புகள் எவ்வளவு பெரியவை என்பதோடு அவற்றுக்கிடையே எவ்வளவு வேறுபாடு என்பதும் சேர்ந்தே அந்த முறையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பத்தாயிரம் வரிக் கோப்பில் மூன்று வரி மாறியிருந்தால் வேலை சட்டென்று முடிந்துவிடும். மூலநிரலில் மாற்றங்கள் பெரும்பாலும் அப்படிச் சிறியவையே என்பதால், கிட் இன்றும் இயல்பாகப் பயன்படுத்துவது மயர்ஸ் முறையைத்தான். அதே மயர்ஸ் 1990இல் பிளாஸ்ட் என்ற மரபணு ஒப்பீட்டுக் கருவியை உருவாக்கிய ஐவரில் ஒருவர். பிறகு செலரா நிறுவனத்தில் மனித மரபணுத் தொகுதியைக் கோக்கும் பணியில் முன்னணியில் இருந்தார். இரண்டு நிரல்களுக்கு இடையிலான வேறுபாடும் இரண்டு டிஎன்ஏ இழைகளுக்கு இடையிலான வேறுபாடும் கணிதத்தின் கண்ணுக்கு அண்ணன் தம்பிதான்.

இன்னொரு பக்கம் உண்டு. நிரலாளர்கள் அதைப் பிளேம் என்பார்கள். ஒரு கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் தெரியும். அலுவலகங்களில் சண்டைக்கு வழி என்றாலும், ஒரு விசித்திரமான வரி ஏன் அங்கே இருக்கிறது என்று அறிய இதைவிட நல்ல வழி இல்லை. வரிவாரியாக யார் எழுதியது என்ற பதிவும் கிட்டில் கிடையாது. இன்றைய கோப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பழைய கமிட்டாகப் பின்னால் நடந்து, எல்லா வரிகளுக்கும் உரியவர் கிடைக்கும்வரை டிஃப் மேல் டிஃப் போட்டுத் தேட வேண்டும். நீண்ட வரலாறு உள்ள கோப்புக்கு இது பல நொடிகளை விழுங்கும். அதனால்தான் கிட்வெப்பை நிறுவியதும் பிளேம் வசதி தானாகத் திறந்திருக்காது. அடுத்துச் சொல்லப்போகும் சிகிட்டிலும் அப்படியே. வேண்டுமென்றே பூட்டி அனுப்புகிறார்கள்.

கிட்வெப்பின் பலவீனம் அதன் எளிமையிலேயே இருக்கிறது. அது சிஜிஐ என்ற 1993ஆம் ஆண்டு ஏற்பாட்டில் ஓடக்கூடிய நிரல். பிரௌசர் ஒரு பக்கம் கேட்டால், வெப் சர்வர் பெர்ல் நிரல் ஒன்றைப் புதிதாகத் தொடங்கும். அது கிட் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஓட்டி, வெளியீட்டை வாங்கிப் பக்கமாக்கிக் கொடுத்துவிட்டு இறந்துபோகும். அடுத்த கிளிக்குக்கு மறுபடி பிறவி. முகப்புப் பக்கம்தான் மிக மோசம்: ஒவ்வொரு களஞ்சியத்திலும் கடைசி மாற்றம் எப்போது என்று காட்ட, இருக்கும் அத்தனை களஞ்சியங்களின் கதவையும் தட்ட வேண்டும். பத்து களஞ்சியங்கள் இருந்தால் தெரியாது. நூற்றுக்கணக்கில் போனால் பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். கர்னல் தளத்தார் கிட்வெப்போடு தற்காலிகச் சேமிப்பு ஒட்டுகளை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் சிகிட்டுக்கு மாறினார்கள்.

சிகிட் என்பது லார்ஸ் யெம்லி தொடங்கி, இப்போது ஜேசன் டோனன்ஃபெல்டு பராமரிக்கும் நிரல். வயர்கார்டு விபிஎன்னை உருவாக்கியவர் என்றால் பலருக்கு டோனன்ஃபெல்டைத் தெரியும். சி மொழியில் எழுதப்பட்ட சிகிட், கிட்டின் சொந்த நிரலையே தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறது; வெளியே கட்டளைகளை ஓட்டி விடை வாங்கும் நடை மிச்சம். ஆனால் எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேகமல்ல, தற்காலிகச் சேமிப்பைக் கையாளும் விதம். மாஸ்டர் என்ற முதன்மைக் கிளையின் இன்றைய நிலை என்ன என்று கேட்கும் பக்கத்தைச் சிகிட் சில நிமிடங்களே வைத்திருக்கும், ஏனென்றால் அடுத்த நிமிடமே யாராவது புதிதாகப் பதிவு செய்யலாம். 40 இலக்கப் பெயர் சொல்லி இந்தக் கமிட்டைக் காட்டு என்று கேட்டால் கதையே வேறு. உள்ளடக்கம் மாறினால் பெயர் மாறிவிடும் என்பதால், அந்தப் பெயருக்கான பக்கம் ஒருநாளும் பழையதாக வழியில்லை. எனவே அதற்குக் காலாவதித் தேதியே கிடையாது என்று சிகிட் வைத்திருக்கிறது. தற்காலிகச் சேமிப்பில் எதை எப்போது தூக்கிப்போடுவது என்பது கணினித் துறையின் தீராத தலைவலிகளில் ஒன்று. இங்கே பெயரிடும் முறையே அதற்கு மருந்தாகிவிட்டது.

நிறுவும் வேலையைப் படிப்படியாகச் சொல்லும் கையேடுகள் ஏராளம். டெபியனிலோ உபுண்டுவிலோ இரண்டு மூன்று கட்டளைகளில் முடிந்துவிடும். களஞ்சியங்கள் எல்லாம் ஓர் அடைவின் கீழ் இருக்க வேண்டும், அவை வேலை செய்யும் கோப்புகள் இல்லாத வெற்றுக் களஞ்சியங்களாக இருப்பது நல்லது, அந்த அடைவு எங்கே என்று காட்சி நிரலின் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும், அப்பாச்சியையோ என்ஜின்எக்ஸையோ அதனோடு இணைக்க வேண்டும். இதில் விளக்கம் தேவைப்படுவது எதுவுமில்லை. முதல்முறை திறக்கும்போது ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் நேராக, பெயரிடப்படாத களஞ்சியம், இந்தக் கோப்பைத் திருத்திப் பெயர் வையுங்கள் என்ற பொருளில் ஒரு வாசகம் தெரியும். கிட் தானாக எழுதிவைக்கும் வரி அது. பெரிய பெரிய நிறுவனங்களின் தளங்களில்கூட அந்த வரி அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நிறுவியும் பட்டியல் காலியாக வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். களஞ்சியத்தின் உரிமையாளர் ஒரு பயனர். வெப் சர்வர் ஓடுவது வேறொரு பயனர் பெயரில். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, தனக்குச் சொந்தமில்லாத களஞ்சியத்தைத் தொடக் கிட் மறுக்கிறது. பலர் பங்கிட்டுக்கொள்ளும் கணினியில், வேறொருவர் வைத்த களஞ்சியத்துக்குள் நாம் தெரியாமல் கால்வைத்தால், அவர் எழுதிய கட்டளைகள் நம் அதிகாரத்தில் ஓடிவிடும் ஆபத்து இருந்தது. அதற்கான பூட்டு இது. இந்த இந்த அடைவுகளை நம்பலாம் என்று அமைப்பில் எழுதினால் சரியாகிவிடும். இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழி, எல்லா அடைவுகளையும் நம்பு என்று ஒரு நட்சத்திரக் குறி போடுவது. அதைச் செய்யாதீர்கள்.

எதைக் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. கிட்வெப்பில் பட்டியலிலிருந்து ஒரு களஞ்சியத்தை நீக்கிவிட்டால் அது மறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் முகவரியை ஊகித்துத் தட்டச்சு செய்பவருக்கு அது திறக்கும். பட்டியலில் உள்ளதை மட்டுமே காட்டு என்ற கண்டிப்பான அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும். இதைவிட அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. யாரோ ஒருவர் தரவுத்தளக் கடவுச்சொல் உள்ள கோப்பைத் தவறுதலாகக் கமிட் செய்துவிட்டு, மறுநாள் அழித்து இன்னொரு கமிட் போடுவார். இன்றைய நிலையில் கோப்பு இல்லை. நேற்றைய கமிட்டில் பத்திரமாக இருக்கிறது! வரலாற்றைக் காட்டுவதற்கென்றே எழுதிய நிரல் அதை எவருக்கும் எடுத்துக் கொடுக்கும். அப்படிப்பட்ட கடவுச்சொல்லை உடனே மாற்றுவதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

காட்சி நிரல் வெறுமனே படிக்கத்தானே செய்கிறது, அதில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு 2018 ஆகஸ்ட் ஒரு பாடம். கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவில் இருந்த யான் ஹார்ன், சிகிட்டில் ஓர் ஓட்டையைக் கண்டார். முகவரியில் மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளிகளைச் சேர்த்து அனுப்பினால், களஞ்சியத்துக்கு வெளியே, சர்வரில் அந்த நிரலால் படிக்க முடிகிற எந்தக் கோப்பையும் அது நீட்டியது. 1.2.1 பதிப்பில் அடைத்தார்கள். வேறொரு நுட்பமான ஆபத்தும் உண்டு. களஞ்சியத்தில் யாராவது ஒரு எச்டிஎம்எல் கோப்பைப் போட்டு, அதை அப்படியே பிரௌசருக்கு அனுப்பச் சொன்னால், அதற்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் உங்கள் தளத்தின் பெயராலேயே ஓடும். கிட்ஹப் இத்தகைய மூலக் கோப்புகளைத் தன் முகவரியில் தராமல் வேறொரு தனி முகவரியிலிருந்து தருவதன் காரணம் இதுதான். சிகிட்டில் அந்த வசதி தானாக மூடியிருக்கும். திறக்காமல் விட்டுவிடுங்கள்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சேதி. டெர்மினலில் கிட்டைக் கேட்டால் 'அ' என்ற ஓர் எழுத்தை \340\256\205 என்று காட்டும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டையும் எட்டு அடிமான எண்ணாக எழுதுவது கிட்டின் பழைய வழக்கம். 'அம்மா' என்று பெயர் வைத்த கோப்புக்கு இப்படி 60 குறிகள் வரும். அமைப்பில் ஒரு வரி மாற்றினால் டெர்மினலிலும் தமிழாகவே தெரியும். வலை முகப்பில் இந்தத் தொல்லை இல்லை: கிட்வெப்புக்குள் இந்த எண்களை மறுபடி எழுத்தாக்கும் ஒரு சிறு செயல்கூறே இருக்கிறது. ஆனால் டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் எழுதிய உரைக்கோப்புகள் உங்கள் களஞ்சியத்தில் கிடந்தால் கதை வேறு. அவை யூடிஎஃப்-8 அல்ல என்று கண்டதும் கிட்வெப் அவற்றை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக நினைத்துக்கொள்ளும். தலையில் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அவற்றை ஒருமுறை யூனிகோடாக மாற்றிக் கமிட் செய்துவிடுவது நல்லது.

இப்போது இன்றைய பெரிய சிக்கலுக்கு வருகிறேன். ஒரு நடுத்தரக் களஞ்சியத்தில் 10,000 கமிட்டுகளும் 500 கோப்புகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கமிட்டிலும் ஒவ்வொரு கோப்பும் எப்படி இருந்தது என்பதற்குத் தனித்தனி முகவரி உண்டு. 50 லட்சம் பக்கங்கள். அதே கோப்பின் வரலாறு, பிளேம், மூல வடிவம் என்று நான்கு விதமாகக் காட்டினால் 2 கோடி. எந்த இரண்டு கமிட்டுகளுக்கும் இடையே டிஃப் கேட்கலாம் என்றால் அதற்கு மட்டும் ஏறக்குறைய 5 கோடி. டிஸ்கில் சில எம்பி இடம் பிடிக்கும் ஒரு களஞ்சியம், வலையில் ஏழு கோடிப் பக்கத் தளமாகத் தெரிகிறது. மனிதர்கள் அதில் சில நூறு பக்கங்களைத்தான் பார்ப்பார்கள். ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்கும் ரோபோ நிரலுக்கோ அது அள்ள அள்ளக் குறையாத சுரங்கம்.

முன்பு தேடுபொறிகளின் ரோபோக்கள் மட்டுமே வந்தன. இந்தப் பக்கம் வராதே என்று 1994 முதல் இருந்துவரும் ரோபோட்ஸ் கோப்பில் எழுதிவைத்தால் பெரும்பாலும் மதித்துப் போய்விடும். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி தேடி வரும் ரோபோக்களில் பல அந்த நாகரிகத்தைக் கடைப்பிடிப்பதில்லை. சோர்ஸ்ஹட் என்ற களஞ்சியத் தளத்தை நடத்தும் ட்ரூ டிவால்ட் 2025 மார்ச்சில் கடும் கோபத்தோடு எழுதினார்: ஆயிரக்கணக்கான ஐபி முகவரிகளிலிருந்து சாதாரண வாசகர்போல வேடமிட்டு வருகின்றன, அதிலும் பிளேம் போன்ற அதிகச் செலவு வைக்கும் பக்கங்களையே குறிவைத்துத் தின்கின்றன என்பது அவர் புகார். சிகிட்டின் காலாவதியாகாத சேமிப்பு இங்கே உதவாது. ஏழு கோடிப் பக்கங்களில் ஒருமுறை கேட்டதை ரோபோ மறுமுறை கேட்பதில்லை.

கிட்டத்தட்ட அதே நேரத்தில், தன் சொந்தக் கிட் சர்வர் ரோபோக்களின் சுமை தாங்காமல் தவித்ததால் சீ யாசோ என்ற நிரலாளர் அனுபிஸ் என்ற காவல் நிரலை எழுதினார். வாசலில் நின்று, வரும் பிரௌசரிடம் ஒரு கணக்குக் கொடுக்கும்: இந்தச் சரத்தோடு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்து எஸ்எச்ஏ-256இல் போட்டால் விடையின் முன்னால் இத்தனை சுழியங்கள் வர வேண்டும், அந்த எண்ணைக் கண்டுபிடி. குருட்டாம்போக்கில் முயல்வதைத் தவிர வழியில்லை. ஒருவருக்கு ஓரிரு நொடி போகும். லட்சக்கணக்கில் கேட்பவருக்கு மின்கட்டணம் ஏறும். மின்னஞ்சல் குப்பையைத் தடுக்க சிந்தியா டுவர்க்கும் மோனி நாவோரும் 1992இல் முன்வைத்த யோசனையின் மறுபிறவி இது. கர்னல் திட்டத்தின் கிட் தளம் 2025இல் இதை வாசலில் நிறுத்தியது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. பெரிய தரவு மையம் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு ஒரு பொருட்டே அல்ல. ஐந்தாறு வருடப் பழைய ஃபோனில் படிக்கும் மாணவருக்குத்தான் காத்திருப்பு. ஆனாலும் தளமே விழுந்து கிடப்பதைவிட இது மேல் என்று நிர்வாகிகள் முடிவெடுப்பதைக் குறைசொல்ல முடியவில்லை.

சிறிய குழுவுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது. ஸ்டாகிட் என்ற சிறு நிரல், பக்கங்களைக் கேட்கும்போது தயாரிப்பதில்லை. புதிய கமிட் வந்ததும் ஒருமுறை எழுதி டிஸ்கில் வைத்துவிடும். கமிட்டுகளின் பட்டியல், ஒவ்வொன்றின் டிஃப், கோப்புகளின் இன்றைய நிலை, அவ்வளவுதான். பழைய கமிட்டில் அந்தக் கோப்பு எப்படி இருந்தது என்று அதில் பார்க்க முடியாது. வேண்டுமானால் களஞ்சியத்தை நகலெடுத்துப் பாருங்கள் என்று விட்டுவிடும். ஏழு கோடி ஒரே அடியில் பத்தாயிரத்துச் சொச்சமாகிவிடுகிறது. ரோபோ வந்தாலும் வெறும் கோப்பைத்தான் எடுத்துப்போகும். பழைய கணினிகூடத் தாங்கும்.

கிட்ஹப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதே போன்ற தளமாகக் கூகுள் கோட் என்று ஒன்று இருந்தது; 2016 ஜனவரியில் மூடினார்கள். கிட்டோரியஸ் 2015இல் போயிற்று. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா நிரலாளர்களின் கணக்குகளைக் கிட்ஹப் கட்டுப்படுத்தியது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2021 மார்ச் 28 அன்று பிஎச்பி மொழியின் சொந்தக் கிட் சர்வரில், அதன் உருவாக்குநர் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் பெயராலும் நிகிதா போப்போவ் பெயராலும் இரண்டு போலிக் கமிட்டுகள் நுழைந்தன. எழுத்துப்பிழைத் திருத்தம் என்று குறிப்பு. உள்ளே ஒரு பின்வாசல். மாற்றங்களைப் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியீடு எதிலும் அது சேரவில்லை. அதன் பிறகு அந்தக் குழு, சொந்த சர்வரைக் கட்டிக் காப்பது தேவையற்ற ஆபத்து என்று முடிவுசெய்து கிட்ஹப்புக்கே போய்விட்டது.

என் கருத்து இது. எழுதும் உரிமையைக் கொடுக்கும் சர்வரை நடத்த முழுநேரக் கவனம் வேண்டும். அதற்கு ஆள் இல்லாத குழு அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டாம். படிக்க மட்டும் காட்டும் ஒரு பிரதியைச் சொந்த சர்வரில் வைப்பது வேறு விஷயம். கிட்ஹப்பில் உள்ளதை மணிக்கொருமுறை இழுத்து வந்து சிகிட்டிலோ ஸ்டாகிட்டிலோ காட்டலாம். பிளேமையும் மூல எச்டிஎம்எல்லையும் பூட்டியே வையுங்கள். காட்சி நிரலின் பயனருக்கு எழுதும் அனுமதி எதுவும் இருக்கக் கூடாது. மாதம் சில நூறு ரூபாய் வாடகை சர்வர் இதற்குப் போதும். ஜிபி கணக்கில் நினைவகம் கேட்கும் கிட்லேப் போன்ற பெரிய மென்பொருள் தேவையில்லை.

சர்வர் வாடகைக்கு எடுக்கும் முன் சொந்தக் கணினியிலேயே ஒருமுறை பார்த்துவிடலாம். கிட்டோடு இன்ஸ்டாவெப் என்ற துணைக்கட்டளை வருகிறது. உபுண்டு போன்றவற்றில் கிட்வெப் பொதியையும் லைட்டிபிடி என்ற சிறு வெப் சர்வரையும் சேர்த்து நிறுவ வேண்டியிருக்கும். ஏதாவது ஒரு களஞ்சியத்துக்குள் நின்று அதை ஓட்டினால், 1234ஆம் போர்ட்டில் கிட்வெப் திறக்கும். பார்த்து முடித்ததும் நிறுத்திவிட மறக்காதீர்கள். நீங்களாக நிறுத்தும்வரை அது பின்னணியில் ஓடிக்கொண்டேயிருக்கும்.